நான்கு மீன், நான்கு புழு, ஒரு பஞ்சு

ஒரு தாளில் ஒன்பது பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். ஜெல்லி மீன், நட்சத்திர மீன், கணவாய் மீன், வஞ்சிர மீன். அடுத்து நாடாப்புழு, கொக்கிப்புழு, மண்புழு, பட்டுப்புழு. கடைசியாகக் கடல் பஞ்சு. பள்ளி விலங்கியல் பாடத்தில் முக்கியமாக வரும் ஒன்பது விலங்குத் தொகுதிகளும் இந்தத் தாளுக்குள் வந்துவிட்டன. நாலு மீனும் நாலு தனித்தனித் தொகுதி. நாலு புழுவும் அப்படித்தான்.

பேச்சு வழக்கில் கடலில் கிடைப்பதெல்லாம் மீன், எலும்பில்லாமல் நெளிவதெல்லாம் புழு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. விலங்குகளுக்கு முறையாகப் பெயர் சூட்டத் தொடங்கிய லின்னேயஸே 1758இல் அப்படித்தான் செய்தார். பாலூட்டி, பறவை, மீன், பூச்சி என்று சில வகுப்புகளைப் பிரித்துவிட்டு, மிச்சம் இருந்தவற்றையெல்லாம் ‘புழுக்கள்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டார். கணவாயும் நட்சத்திர மீனும்கூட அந்த மூட்டைக்குள்தான் கிடந்தன. அதை அவிழ்த்து, ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டு அடுக்கிய வேலைதான் பின்னாளில் ‘தொகுதி’ என்ற கருத்தாக உருவானது. அந்தச் சொல்லுக்கு மூலமான ‘ஃபைலம்’ என்ற சொல்லை 1866இல் உருவாக்கியவர் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல்.

தொகுதி என்றால் என்ன? வீட்டை வைத்துச் சொல்கிறேன். சுவருக்கு என்ன வண்ணம், எத்தனை மாடி என்பது வேறு விஷயம். வாசல் எத்தனை, பாரத்தைத் தாங்குவது சுவரா தூணா, தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்பதுதான் வீட்டின் திட்டம். உடலுக்கும் இப்படி ஒரு திட்டம் உண்டு. ஒரே திட்டத்தில் கட்டப்பட்ட, ஒரே மூதாதையிலிருந்து வந்த விலங்குகளின் கூட்டம் ஒரு தொகுதி. யானையும் வஞ்சிரமும் ஒரே தொகுதி. மண்புழுவும் நாடாப்புழுவும் இல்லை.

பதினொன்றாம் வகுப்பில் இதற்கு ஒரு பெரிய அட்டவணை வரும். ‘ஈரடுக்கு, ஆரச் சமச்சீர், உடற்குழி அற்றவை’ என்று பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஆரச் சமச்சீர் இருந்தால் அந்த உயிருக்கு என்ன லாபம் என்று கேட்டால் முழிப்பார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை. அட்டவணை கடைசியில் வர வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது உடலை.

பஞ்சிலிருந்து தொடங்குவோம். கடல் பஞ்சு துளையுடலிகள் தொகுதி. இதற்கு வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பு இல்லை, தசை இல்லை. உடம்பு முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். உள்ளே இருக்கும் சில செல்கள் சாட்டை போன்ற இழையைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுழற்சியில் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து, மேலே உள்ள பெரிய திறப்பு வழியாக வெளியேறும். வருகிற தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களைச் செல்கள் ஒவ்வொன்றும் தாமே பிடித்துத் தின்னும். செல்கள் சேர்ந்து இருக்கின்றன, ஆனால் தசை என்றோ நரம்பு என்றோ திசுவாக ஒழுங்குபடவில்லை. 1907இல் அமெரிக்க விலங்கியலாளர் ஹென்றி வான் பீட்டர்ஸ் வில்சன் ஒரு கடல் பஞ்சை மெல்லிய துணியில் வைத்துப் பிழிந்து, செல் செல்லாகப் பிரித்துத் தண்ணீரில் விட்டார். அந்தச் செல்கள் ஊர்ந்து போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மறுபடி பஞ்சாக வளர்ந்தன. நம் உடம்பில் இப்படி நடக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஜெல்லி மீனிடம் வந்தால் திசு என்ற ஒன்று வந்துவிடுகிறது. இது குழியுடலி. வெளியே ஒரு செல் அடுக்கு, உள்ளே ஒரு செல் அடுக்கு, நடுவே கொழகொழவென்று ஒரு கூழ். இந்த இரண்டைத்தான் ஈரடுக்கு என்கிறோம். ஹைட்ரா, கடல் சாமந்தி, பவளம் எல்லாம் இதே திட்டம்தான். ஜெல்லி மீனைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாறையில் ஒட்டிவைத்ததுபோலக் கடல் சாமந்தி இருக்கும். வாசல் ஒன்றே ஒன்று. தின்றதும் அதன் வழியே, செரித்தது போக மிஞ்சிய கழிவும் அதன் வழியே.

வட்டமான தட்டை நடுப்புள்ளி வழியாக எந்தப் பக்கம் வெட்டினாலும் இரண்டு சம பாதி கிடைக்கும் அல்லவா, அதுதான் ஆரச் சமச்சீர். இதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. மிதந்துகொண்டோ, ஒட்டிக்கொண்டோ இருக்கிற உயிருக்கு உணவும் ஆபத்தும் எந்தத் திசையிலிருந்தும் வரலாம். எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரிக் காவல் வைத்திருப்பது அதற்கு நல்லது. அந்தக் காவல்தான் கொட்டும் செல்கள். உள்ளே சுருண்டிருக்கும் நஞ்சு இழை, தொட்ட மாத்திரத்தில் பாய்ந்து வெளிவரும். ஹைட்ராவில் இது வெடிப்பதற்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் ஜெல்லி மீன் செத்துப்போயிருந்தாலும் கொட்டும் செல்கள் வேலை செய்யும். குழந்தைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

நாலு புழு

இனி புழுக்கள். ஓரிடத்தில் இருந்தபடி வருவதற்குக் காத்திருக்காமல், உணவைத் தேடிப் போகும் உயிர்களின் கதை இங்கே தொடங்குகிறது. ஒரு திசையில் நகர ஆரம்பித்துவிட்டால் புதிய இடத்தை முதலில் தொடுவது முன்முனை. கண்ணும் நரம்பு முடிச்சும் அங்கே குவிவதில் நியாயம் இருக்கிறது. அப்படித்தான் தலை உண்டானது. தலை வந்தால் வாலும் வரும். மேல் கீழ், இடம் வலம் எல்லாம் வரும். நடுவில் ஒரே ஒரு கோட்டில் வெட்டினால்தான் இரண்டு சம பாதி கிடைக்கும். இதுதான் இருபக்கச் சமச்சீர். இரண்டு அடுக்குக்கு நடுவே மூன்றாவதாக ஒரு அடுக்கும் சேர்ந்துகொள்கிறது. தசையும் ரத்தக் குழாயும் எலும்பும் இந்த நடு அடுக்கின் கொடை.

நாடாப்புழு தட்டைப்புழுக்கள் தொகுதி. ஏன் தட்டை? ரத்த ஓட்டம் இல்லை, மூச்சுக்கென்று உறுப்பு இல்லை. பிராணவாயு தோல் வழியாகக் கசிந்துதான் ஒவ்வொரு செல்லுக்கும் போக வேண்டும். உடம்பு தடித்தால் நடுவில் இருக்கும் செல்கள் மூச்சுமுட்டிச் செத்துவிடும். தட்டையாக இருந்தால் எந்தச் செல்லும் தோலுக்கு எட்டாத தூரத்தில் இருக்காது. இதன் உறவான பிளனேரியா போன்ற தட்டைப்புழுக்களுக்கு ஜெல்லி மீன்போலவே ஒரே வாசல்தான். நாடாப்புழுவுக்கோ குடலே இல்லை. நம் குடலுக்குள் உட்கார்ந்துகொண்டு, நாம் செரித்து வைத்த உணவைத் தோலாலேயே உறிஞ்சிக்கொள்கிறது.

கொக்கிப்புழு உருளைப்புழு. நாக்குப்பூச்சி என்று வீட்டில் சொல்கிறோமே, அதுவும் இந்தத் தொகுதிதான். பூச்சிக்கும் அதற்கும் பெயரளவில்தான் தொடர்பு. உருளைப்புழுவின் உடம்பில் இரண்டு வாசல். ஒரு முனையில் வாய், மறு முனையில் மலவாய், நடுவே நேராக ஒரு குடல். பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் ஒரே வாசல் உள்ள வீட்டில், உள்ளே போனவர் வெளியே வந்தால்தான் அடுத்தவர் போக முடியும். இரண்டு வாசல் இருந்தால் பழையது செரித்துக்கொண்டிருக்கும்போதே புதியதைத் தின்னலாம். குடலில் முன்பகுதி அரைக்க, நடுப்பகுதி செரிக்க, பின்பகுதி தண்ணீரை உறிஞ்ச என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். நாம் சாப்பிடும் விதமும் இதுதான்.

அப்புறம் உடற்குழி. பிள்ளைகள் அதிகம் குழம்பும் இடம் இது. சமையலறைக்குப் போனால் தெளிந்துவிடும்.

ஒரு மடவை மீனை வாங்கி, வயிற்றைக் கீறிக் குடலை இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிடும். குடல் சதையோடு ஒட்டிக்கொண்டு இல்லை. அதை எடுத்ததும் உள்ளே ஓர் அறை தெரியும். அந்த அறையின் சுவரில் கறுப்பாக ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மீனைக் கழுவுவோம். அந்த அறைதான் உடற்குழி. அந்தக் கறுப்புத் தோல்தான் உடற்குழியின் உள்ளுறை. நடு அடுக்கிலிருந்து வந்த உறை இப்படிச் சுற்றிலும், அதாவது உடற்சுவர்ப் பக்கமும் குடல் பக்கமும், போர்த்தியிருந்தால் அது உண்மை உடற்குழி. நாடாப்புழுவில் இந்த அறையே கிடையாது, குடல் இருக்கவேண்டிய இடம் வரை சதைதான். கொக்கிப்புழுவில் அறை உண்டு, ஆனால் குடல் பக்கம் உறை இல்லை; அதைப் பொய்யுடற்குழி என்கிறார்கள். மண்புழுவிலிருந்து மேலே எல்லாம் உண்மை உடற்குழிதான்.

அறையால் என்ன பயன்? நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும் வயிறு கடமுடா என்று உருளும். நீங்கள் ஓடும்போது குடல் உங்களோடு சேர்ந்து ஓடத் தேவையில்லை. உடற்சுவர் ஒரு வேலை, குடல் ஒரு வேலை என்று தனித்தனியே நடக்க இந்த இடைவெளி வேண்டும். உறுப்புகள் பெரிதாக வளரவும், மடங்கிச் சுருண்டு கிடக்கவும் இடம் வேண்டும்.

மழை விட்ட மறுநாள் ஒரு மண்புழுவை எடுத்துக் காய்ந்த தாளின் மேல் விட்டு, காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். சரசரவென்று மெல்லிய சத்தம் வரும். வழுவழுப்பாகத் தெரியும் அந்த உடம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்முட்கள் இருக்கின்றன. அவை தாளைக் கீறும் சத்தம் அது. அந்த முட்களை மண்ணில் ஊன்றித்தான் புழு முன்னேறுகிறது. உடம்பு வளையம் வளையமாக இருக்கும். ஒவ்வொரு வளையமும் உள்ளே தடுப்புச் சுவர் வைத்த தனி அறை. ரயில் பெட்டிபோல வரிசையாகக் கோத்தது. இதைக் கண்ட அமைப்பு என்பார்கள். நம் பாடப் புத்தகத்தில் வரும் லாம்பிட்டோ மாரிட்டி என்ற மண்புழுவில் 165 முதல் 190 கண்டங்கள் வரை உண்டு. அறைக்குள் இருக்கும் திரவத்தைத் தசைகள் அழுத்த, ஒரு பக்கம் கண்டங்கள் நீண்டு மெலிய, இன்னொரு பக்கம் குறுகித் தடிக்க, எலும்பே இல்லாமல் மண்ணைத் துளைத்துக்கொண்டு போகிறது. இது வளைதசைப்புழுக்கள் தொகுதி. அட்டையும் இங்கேதான்.

பட்டுப்புழுவிலும் வளையங்கள் உண்டு. ஆனால் தலைக்குப் பின்னே உள்ள மூன்று சோடிக் கால்களைக் கவனித்துப் பாருங்கள்: மடங்குவதற்கு இணைப்புகள் இருக்கும். அது புழுவே இல்லை, ஒரு பூச்சியின் இளம்பருவம். தொகுதி கணுக்காலிகள். நண்டு, இறால், தேள், பூரான், எறும்பு எல்லாம் இந்த வீட்டுக்காரர்கள். பெயரிடப்பட்ட விலங்கு இனங்களில் பெரும்பகுதி, பத்து லட்சத்துக்கும் மேல், இந்த ஒரே தொகுதியில் இருக்கிறது. இவர்களுக்கு எலும்பு வெளியே. கைட்டின் என்ற பொருளால் ஆன கவசமே சட்டகம். சட்டகம் வெளியே இருந்தால் ஒரு சிக்கல்: உடம்பு வளர வளரக் கவசம் வளராது. எனவே கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டிக்கொள்ள வேண்டும். பட்டுப்புழு கூடு கட்டும் முன் நான்கு முறை தோலுரிக்கிறது. சந்தையில் சில நேரம் ஓடு மெத்தென்று இருக்கும் நண்டு வரும்; அப்போதுதான் கவசம் மாற்றிய நண்டு அது.

வளையத்தைப் பார்த்து மண்புழுவையும் பூச்சியையும் நெருங்கிய சொந்தம் என்று பிரெஞ்சு விலங்கியலாளர் ஜார்ஜ் குவியர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரே பிரிவில் வைத்தார். நூறு வருடங்களுக்கும் மேலாக அது நின்றது. 1997இல் மரபணுத் தகவல்களை ஒப்பிட்டபோது கணக்கு மாறிவிட்டது. கணுக்காலிகளுக்கு நெருங்கிய சொந்தம், வளையமே இல்லாத உருளைப்புழுக்கள்! இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, மேலுறையைக் கழற்றி வளரும் பழக்கம். மண்புழு அந்தப் பக்கம் இல்லை. அது கணவாய், நத்தை பக்கம் போய்ச் சேர்ந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். கண்ணில் படும் வளையம் ஏமாற்றியது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத தோலுரிப்பு உண்மையைச் சொன்னது.

மீதி மீன்கள்

கணவாய் மெல்லுடலி. சிப்பி, சங்கு, நத்தை, ஆக்டோபஸ் எல்லாம் இதே தொகுதி. மென்மையான உடல், அதன்மேல் போர்வைபோல மேன்டில் என்ற சதை மடிப்பு, நகரத் தசையாலான பாதம், பலவற்றில் அரம்போல உணவைச் சுரண்டும் நாக்கு. ஓட்டைச் சுரப்பது மேன்டில்தான். கணவாய்க்கு ஓடு எங்கே என்று கேட்பீர்கள். ஊசிக் கணவாயைக் கழுவும்போது உடம்புக்குள்ளிருந்து கண்ணாடித் தாள்போல ஒரு நீளத் துண்டை உருவுவோம் இல்லையா, அதுதான். வெளியே இருந்த ஓடு பரம்பரை பரம்பரையாக மெலிந்து உள்ளே போய்விட்டது. ஓட்டுக் கணவாயில் அது வெள்ளையாக, இலேசாக, சுண்ணாம்புக் கட்டிபோல இருக்கும்; நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்ற பெயரில் விற்கிறார்கள். நத்தைக்குப் பாதமாக இருக்கும் உறுப்புத்தான் கணவாயில் தலையைச் சுற்றிய கைகளாக உருமாறியிருக்கிறது.

நட்சத்திர மீன் முட்தோலி. வட்டமாக, ஐந்து கையோடு இருப்பதைப் பார்த்து ஜெல்லி மீனுக்குப் பக்கத்தில் வைக்கத் தோன்றும். இங்கே குஞ்சுப் பருவத்தைப் பார்க்க வேண்டும். அதன் லார்வா இடம் வலம் உள்ள இருபக்கச் சமச்சீர் உயிராகக் கடலில் நீந்தித் திரியும். வளர்ந்த பிறகுதான் உடலை மாற்றி ஐந்து பக்கமாக விரித்துக்கொள்ளும். ஆக, அதன் ஆரச் சமச்சீர் பின்னால் வந்தது. கைகளின் அடியில் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள், அவற்றை இயக்க உடம்புக்குள் கடல்நீர் ஓடும் குழாய் வலை. வேறு எந்தத் தொகுதியிலும் இது இல்லை. முட்தோலிகளில் ஒன்றுகூட நன்னீரில் கிடையாது, எல்லாமே கடல்தான். 2001 முதல் இந்தியாவில் பிடிக்கத் தடை உள்ள கடல் அட்டையும் முட்தோலியே. வயலில் காலைக் கடிக்கும் அட்டைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

மூளையே இல்லாத இந்த நட்சத்திர மீன்தான், நம் தாளில் உள்ள மற்ற ஏழையும்விட நமக்கும் வஞ்சிரத்துக்கும் நெருங்கிய சொந்தம். கரு வளரும்போது முதலில் ஒரு குழி விழும். மண்புழு, கணவாய் போன்றவற்றில் பெரும்பாலும் அந்தப் பக்கம் வாய் அமையும். நட்சத்திர மீனிலும் நம்மிலும் அது மலவாயாகும். வாய் பிறகு வேறிடத்தில் திறக்கும்.

வஞ்சிரம் முதுகுநாணி. நம் தொகுதி. இதைப் புரிந்துகொள்ள வஞ்சிரத் துண்டோடு ஓர் இறாலையும் பக்கத்தில் வையுங்கள். இறாலின் முதுகைக் கீறி ஒரு கறுப்பு நூலை எடுப்போம். நரம்பு என்று சொல்வோம், உண்மையில் அது குடல். நரம்பு வடம் வயிற்றுப் பக்கம் வெள்ளையாக ஓடும். இதயம் முதுகுப் பக்கம். மீனில் எல்லாம் நேர் எதிர். நரம்பு வடம் முதுகெலும்புக்கு மேலே, குடல் கீழே, இதயம் தொண்டைக்கு அடியில். இறாலை மல்லாக்கப் போட்டால் மீனின் ஏற்பாடு கிடைத்துவிடும்! பிரெஞ்சு அறிஞர் ஜொஃப்ரா சாந்திலேர் 1822இல் ஒரு சிங்கி இறாலைத் தலைகீழாக்கிப் பார்த்து இதையே சொன்னார். பலரும் ஏற்கவில்லை. 1990களில், வயிறு எது முதுகு எது என்று கருவில் தீர்மானிக்கும் மரபணுக்களை ஈயிலும் தவளையிலும் ஒப்பிட்டபோது, ஒரே ஏற்பாடு தலைகீழாக இருப்பது தெரிந்தது.

முதுகுநாணிகளின் அடையாளம் முதுகெலும்பு என்று பலர் நினைக்கிறார்கள். அடையாளம் அதற்கும் முந்தியது: கருவில் முதுகு நெடுகத் தோன்றும் வளையக்கூடிய ஒரு தண்டு. அதுதான் முதுகுநாண். அதன் மேலே உள்ளீடற்ற நரம்பு வடம், தொண்டையின் பக்கவாட்டில் பிளவுகள், மலவாயைத் தாண்டியும் நீளும் வால் ஆகியவை மற்ற அடையாளங்கள். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் மணலுக்குள் வாழும் பலனோகிளாசஸ் என்ற புழு போன்ற உயிருக்குத் தொண்டைப் பிளவு உண்டு, முதுகுநாண் இல்லை. அதனால் முதலில் முதுகுநாணிகளோடு சேர்த்திருந்தவர்கள் பிறகு அதைப் பிரித்து அரைநாணிகள் என்று தனித் தொகுதியாக வைத்தார்கள்.

கடைசியாக, தாளில் எழுதாத பத்தாவதாக ஒரு பெயர். துறைமுகத் தூண்களிலும் படகுகளின் அடியிலும் ஒட்டிக்கொண்டு, தொட்டால் தண்ணீர் பீய்ச்சும் பைபோன்ற உயிர் ஒன்று உண்டு. கடல் பீச்சி என்பார்கள். தலை இல்லை, கண் இல்லை, நகர்வதும் இல்லை. தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டித் தின்று வெளியே விடுகிறது. பார்க்கிற யாரும் கடல் பஞ்சுக்குத் தம்பி என்றுதான் சொல்வார்கள். 1866இல் ரஷ்ய விலங்கியலாளர் அலெக்சாண்டர் கோவலெவ்ஸ்கி அதன் குஞ்சை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். தவளைத் தலைப்பிரட்டைபோல வாலை ஆட்டி நீந்திக்கொண்டிருந்தது. வாலுக்குள் ஒரு தண்டு. முதுகுநாண்! அதுவும் நம் தொகுதிதான். பாறையில் ஒட்டிய பிறகு அந்த வாலையும் நாணையும் அது தன் உடம்புக்குள்ளேயே கரைத்துவிடுகிறது.

நாம் அதை முழுதாகக் கரைப்பதில்லை. தாயின் வயிற்றில் மூன்றாம் வாரத்தில் நமக்கும் முதுகுநாண் உண்டாகிறது. பிறகு அதைச் சுற்றி எலும்புக் கணுக்கள் வளர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மிஞ்சிய நாண், கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே கொழகொழப்பான மெத்தையாக ஒதுங்குகிறது. கனமான மூட்டையைக் குனிந்து தூக்கியபோது டிஸ்க் விலகிவிட்டது என்று டாக்டர் படம் வரைந்து காட்டுவாரே, பிதுங்கி வெளியே வந்திருக்கும் அந்தக் கூழ் அங்கிருந்து வந்ததுதான்.